தவறிட்டேன்

அஜ்மானில் ஆகஸ்ட்.
சிறார் விசாரணை அறையில் கூண்டு கிடையாது.
மேசை, ஆறு நாற்காலி,
மூலையில் பிளாஸ்டிக் பூச்செடி.
அதற்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

எனக்கு இங்கே வாய் மட்டும்தான் வேலை.
காயல்பட்டினத்தில் ஏழு வருடம் ஓதிய அரபி
மணிக்கு நூற்றைம்பது திர்ஹம்.
ஒருவர் சொன்னதை எடுத்து மற்றவர் முன் வைப்பேன்,
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்
என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டிருக்கிறேன்.

எதிரே பெபின். வயது பதினாறு.
முதல் குற்றம் வேறு கோப்பில் இருக்கிறது,
அதை நான் திறந்ததில்லை.
இன்றைய கோப்பு மெலிசு:
மாலை ஏழுக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.
வியாழன் ஏழேகாலுக்குக் கண்காணிப்பாளர் தட்டினார்.
யாரும் திறக்கவில்லை.
வீட்டில் இல்லை என்று எழுதி, நேரம் போட்டு,
படிக்கட்டு வழியாக இறங்கினார்.

படிக்கட்டு வழியாக என்பதை
அவரே எழுதியிருந்தார்.
அந்த இரண்டு சொல்லில் எவரும் நிற்கவில்லை,
நான் உட்பட.

மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.
இரைச்சல், பின்னால் பிரிண்டர்.
ஏன் இல்லை என்று கேள் என்றார்கள். கேட்டேன்.
பையன் ஒற்றைச் சொல்லில் முடித்தான்:
“தவறிட்டேன்.”
“அக்தஃத்து” என்றேன் அரபியில்.
தப்பு செய்தேன்.
நாலு நொடி இருக்கும்.
ஒப்புக்கொண்டான் என்று அச்சாகிவிட்டது.
வக்கீல் வேண்டுமா என்று கேட்கும்படி
அன்று எவரும் சொல்லவில்லை;
சொல்லாததை மொழிபெயர்க்க எனக்கு அனுமதியில்லை.

இன்று அவனுக்கு அமர்த்தப்பட்ட வக்கீல் ஷம்மா,
ஜலதோஷக் குரலில்,
ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார்:
காவலுக்கு அனுப்பும் முன்
அவனையே ஒருமுறை கேளுங்கள்.

நீதிபதி பேனாவை மூடினார்.
என்ன நடந்தது என்றார்.
எடுத்து அவன் முன் வைத்தேன்.

“ஆறே முக்காலுக்கே பில்டிங்குக்கு வந்துட்டேன்.
லிஃப்ட் அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நின்னுட்டு.
கரண்ட் இல்ல.
போன் உங்ககிட்டதான் இருக்கு.
பெல்ல அமுக்கிட்டே இருந்தேன்.
அப்புறம் மேல கதவு தட்டுற சத்தம்.
எங்க வீட்டுக் கதவுதான், கேட்டாலே தெரியும்.
இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு கத்தினேன்.
அன்னைக்கும் அதத்தான் சொன்னேன்,
நேரம் தவறிட்டேன்னு.”

தவறிட்டேன்.

மழை தவறுகிறது.
மாதம் தவறாமல் ஊருக்குப் பணம் போகிறது.
பக்கத்து மேசை அமலோற்பவத்தின் அப்பா
போன மாதம் தவறிட்டார் என்று தகவல் வந்தது;
அந்த மனிதர் எந்தக் குற்றமும் செய்யவில்லை.
எங்கள் தெருவில் அதை மௌத் என்போம்,
அதனால் எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பழக்கமில்லை
என்று சொல்லிப் பார்க்கிறேன்.
பொய். நன்றாகத் தெரியும்.
பிரிண்டர் காத்திருந்தது, அவ்வளவுதான்.

அரபியில் ஒன்று உண்டு: ஃபாத்தனில் வக்து.
நேரம் என்னைக் கடந்து போய்விட்டது.
அந்த வாக்கியத்தில் பையன் நிற்கிறான்,
நேரம்தான் ஓடுகிறது.
பத்து வயதில் படித்தது. கையிலேயே இருந்தது.

கை தூக்கினேன்.
மொழிபெயர்ப்பவர் கை தூக்கும் வழக்கம்
இந்த அறையில் இல்லை.
குறிப்பாளர் கூட நிமிர்ந்து பார்த்தார்.
அன்றைய பதிவில் பிழை உள்ளது,
பிழை என்னுடையது என்றேன்.
அரபியில் அது சுலபமாக வந்தது.

இந்த அறையில் பேசப்படும் எல்லாம்
அவன் மொழியில் அவனுக்குப் போய்ச் சேர வேண்டும்.
அதுவும் என் வேலை.
பெபின் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
வேறு சொல் தேடினேன்.
“தவறிட்டேன்” என்றேன்.

எந்தத் தவறிட்டேன் என்று
அவன் கேட்கவில்லை.

காவல் இல்லை. வழக்கும் முடியவில்லை.
லிஃப்ட் கம்பெனியின் பழுதுப் பதிவேட்டோடு
அடுத்த புதன் வரச் சொன்னார்கள்.

வராந்தாவில் அவன் அம்மா,
கிளினிக் சீருடையில், பையனின் புத்தகப்பையைத்
தோளில் மாட்டிக்கொண்டு.
“என்ன சொன்னாவ?”
“புதன்கிழமையாம்,” என்றான்,
“கெமிஸ்ட்ரி டெஸ்ட் அன்னைக்கு.”